சட்டைப் பைக்குள் போன தாள்

2017ஆம் ஆண்டு ஆகஸ்டில், காவிரிப் படுகை மாவட்டம் ஒன்றில், அரசு மாணவர் விடுதிக் காப்பாளர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். 41 பேர் வந்திருந்தார்கள். சிறுவயதில் பட்ட துன்பங்கள் ஒரு குழந்தையின் படிப்பையும் நடத்தையையும் உடல்நலத்தையும் எப்படி ஆட்டிப்படைக்கின்றன என்பதுதான் பேச்சு. காலைத் தேநீருக்குப் பிறகு ஆளுக்கொரு தாளைக் கொடுத்தேன். அதில் பத்துக் கேள்விகள். பதினெட்டு வயதுக்கு முன் வீட்டுப் பெரியவர் யாராவது உங்களை அடிக்கடி அடித்தார்களா? இழிவாகப் பேசினார்களா? வீட்டில் மிதமிஞ்சிக் குடிப்பவர் இருந்தாரா? அம்மா அடிபடுவதைப் பார்த்தீர்களா? இப்படிப் போகும். 'ஆம்' ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். பெயர் எழுத வேண்டாம், கூட்டிப் பாருங்கள் என்றேன். அத்துடன் நிறுத்தியிருந்தாலே தவறுதான். நான் நிறுத்தவில்லை. "நான்கும் அதற்கு மேலும் வந்தவர்கள் கை தூக்குங்கள்" என்றேன்.

மூன்றாவது வரிசையில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். கழிப்பறைக்குப் போகிறார் என்று நினைத்தேன். மதியச் சாப்பாட்டில் அவர் இல்லை. பிற்பகல் முழுவதும் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. மாலையில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் அவர் திரும்பவே இல்லை என்பது எனக்கு உறைத்தது.

இரண்டு நாள் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்தார். "மேடம், எனக்கு எட்டு வந்தது" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. "எட்டு வந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தாளில் எழுதவில்லையே. பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்."

பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அங்கே என்ன எழுதியிருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. ஆசிரியர்கள், காப்பாளர்கள், செவிலியர்கள், காவலர்கள் என்று குழந்தைகளோடு பழகும் யாருக்கும், அதைவிட முக்கியமாக அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் புறப்படும் என்னைப் போன்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது கடலால். 2004இல் நாகப்பட்டினம் மாவட்டக் கடற்கரைக் கிராமம் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். எங்கள் பகுதிக்கு அந்த ஆண்டே மிகக் கொடிய ஆண்டு. ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டார்கள். எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவு. அந்தத் துக்கம் தணியாத ஐந்தாம் மாதத்தில், டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, ஆழிப்பேரலை வந்தது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். விடுமுறை முடிந்து தகரக் கொட்டகையில் பள்ளியைத் திறந்தபோது, 38 பேர் இருந்த என் வகுப்பில் 29 பேர் வந்து உட்கார்ந்தார்கள். வராதவர்கள் எல்லாரும் இறந்தவர்கள் இல்லை. சிலர் வெளியூரில் உறவினர் வீடுகளுக்குப் போயிருந்தார்கள். ஆனால் யார் யார் எங்கே என்று கேட்க எனக்குத் துணிவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் வாசிப்பதை ஒரு வாரம் தள்ளிப்போட்டேன்.

அந்த வகுப்பில் ஒரு பையன் எப்போதும் வாசலை ஒட்டியே உட்காருவான். கரும்பலகை சரியாகத் தெரியாத இடம். நான் முன்வரிசைக்கு அழைத்துவந்து உட்காரவைப்பேன். பத்து நிமிடத்தில் நகர்ந்து நகர்ந்து மறுபடி வாசலுக்குப் போய்விடுவான். மூன்றாவது நாள் எனக்குக் கோபம் வந்து அவன் காதைத் திருகினேன். நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டான். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்திருந்த சிறுமி எழுந்து, என்னவோ எனக்குப் பாடம் சொல்லித்தருவதுபோல நிதானமாகச் சொன்னாள்: "டீச்சர், அங்கே உட்கார்ந்தால்தான் அவனுக்குக் கடல் தெரியும்."

அவன் காவல் இருந்திருக்கிறான். கடல் மறுபடி வந்தால் முதலில் பார்த்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அந்த ஒன்பது வயதுப் பிள்ளை தானாகவே பொறுப்பேற்றுக்கொண்டிருந்தான். நான் அதைக் கீழ்ப்படியாமை என்று படித்தேன்.

மறுநாள் முதல் வாசல் ஓரம் அவனுக்கென்றே ஆகிவிட்டது. கரும்பலகையை வாசல் பக்கமாகத் திருப்பி வைத்தேன். பிள்ளை நகரவில்லை என்றால் பலகை நகரட்டும் என்று. இன்றுவரை பயிற்சிகளில் நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் அதுதான் வேர். அதன் பிறகு வேறு சில மாற்றங்களும் செய்தோம். எல்லாமே செலவில்லாதவை. காலையில் அன்றைய நாளின் நிகழ்ச்சிகளைப் பலகையின் ஓரத்தில் எழுதிவைப்பேன்: கணக்கு, தமிழ், சாப்பாடு, விளையாட்டு, மூன்றரைக்கு யாரோ வருகிறார்கள். எழுதியதை மாற்ற நேர்ந்தால் முன்கூட்டியே சொல்வேன். எங்கள் பள்ளி மணி, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அதில் இரும்புக் கம்பியால் அடிக்கும் சத்தத்துக்குப் பாதி வகுப்பு தூக்கிவாரிப்போட்டு எழுந்துவிடும். தலைமையாசிரியரிடம் சொல்லி, மணி அடிக்கப் போகிறார்கள் என்று முன்னதாகவே வகுப்பில் சொல்லத் தொடங்கினோம். பெஞ்சை இழுக்காமல் தூக்கிவைக்கப் பழக்கினோம். மழை பெய்தால் தகரக் கூரை அலறும். அப்போது பாடத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் சேர்ந்து சத்தமாக வாய்ப்பாடு சொல்வோம். அந்த ஆண்டு என் வகுப்பில் பதினாறாம் வாய்ப்பாடு வரை தெரியாத பிள்ளையே கிடையாது.

நல்ல மனத்தோடு வந்தவர்களால் ஏற்பட்ட தொல்லையையும் சொல்ல வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று குழுக்கள் வரும். கிரேயான் பெட்டிகளும் வெள்ளைத் தாள்களும் கொடுத்து, மனத்தில் இருப்பதை வரையச் சொல்வார்கள். வரைந்ததைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த வாரம் வேறு குழு. அழுத பிள்ளையைப் பார்த்து, வேலை நடக்கிறது என்று திருப்தியடைந்தவர்களும் உண்டு. மார்ச் மாதத்தில் ஒரு நாள் வண்டிச் சத்தம் கேட்டதும் ஒரு சிறுமி என்னிடம் வந்து, "டீச்சர், இன்றைக்கும் அலைதான் வரைய வேண்டுமா?" என்று கேட்டாள். அவள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நீலம் மட்டும் தீர்ந்துபோயிருந்தது.

நடந்ததை ஒரே அமர்வில் கொட்டச்சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று அப்போது பலரும் நம்பினார்கள். அப்படி ஒற்றை அமர்வில் கொட்டவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. அதனால் பயனில்லை, சிலருக்கு அது தீங்காகவும் முடியும் என்பது காரணம். பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தாரின் பயிற்சி எங்கள் பகுதிக்கும் வந்தது. அங்கே கற்றது இதற்கு நேர்மாறு. வழக்கமான நாளைத் திருப்பிக்கொடுங்கள், விளையாட விடுங்கள், சொல்ல வந்தால் கேளுங்கள், சொல்லாதவரைத் தோண்டாதீர்கள். ஆசிரியருக்கு இதைவிட நல்ல ஆலோசனையை நான் பிறகு படித்ததில்லை.

கடலோரத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருந்த ஊர்களிலிருந்தும் எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகள் வருவார்கள். அலை தொடாத வீடுகள். அதனால் நிவாரணமும் இல்லை, வண்டிகளும் இல்லை, கிரேயானும் இல்லை. அப்படி ஒரு சிறுமி முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுவாள். எழுப்பினால் கையால் முகத்தை மறைத்துக்கொள்வாள். அடிக்க ஓங்கிய கைக்குத் தடுப்பதுபோல. ஒரு நாள் அவளுடைய பாட்டியை வரவழைத்துப் பேசினேன். அப்பா கூலி வேலை. கூலிப் பணம் முழுவதும் சாராயக் கடைக்கு. இரவில் அடி. பிள்ளையும் தாயும் வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்து விடியும்வரை காத்திருப்பார்கள். பாட்டி என்னைக் குற்றம் சொல்லவில்லை, ஆனாலும் அந்தச் சொல் என் மீதுதான் விழுந்தது: "கடல்காரப் பிள்ளைகளுக்கு ஒரு தரம் வந்தது. எங்கள் வீட்டுக்குத் தினம் வருகிறதம்மா."

அவளுக்காக அந்த ஆண்டு நான் எதுவும் செய்யவில்லை. முதல் பாடவேளையில் தூங்க விட்டேன், அவ்வளவுதான். தாய்க்குக் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் பற்றிச் சொல்ல அப்போது அந்தச் சட்டமே இல்லை. அது 2005இல்தான் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அந்தப் பிள்ளை ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டாள். இதை எழுதும்போதும் அவள் முகத்தை மறைத்துக்கொண்ட கைதான் கண்முன் நிற்கிறது.

சில ஆண்டுகள் கழித்துப் பள்ளியை விட்டு ஒரு தொண்டு நிறுவனத்தின் குழந்தைப் பாதுகாப்புப் பணியில் சேர்ந்தேன். அங்கேதான் அந்தப் பத்துக் கேள்விகளுக்குப் பின்னாலிருந்த அமெரிக்க ஆய்வைப் படித்தேன். 1985இல் சான் டியாகோவில் உடல் எடை குறைப்பு மருத்துவமனை ஒன்றை நடத்திவந்த வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர், நன்றாக எடை குறைந்துவந்தவர்களே பாதியில் ஓடிப்போவதைக் கவனித்தார். ஏன் என்று விசாரித்தபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. பருமனான உடல் அவர்களுக்கு ஒரு காப்பு. பிறகு அவரும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ராபர்ட் ஆண்டாவும் சேர்ந்து 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் சிறுவயதுத் துன்பங்களைப் பற்றிக் கேட்டு, அவர்களின் உடல்நலப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். முதல் கட்டுரை 1998இல் வெளிவந்தது. முழு ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு ஒரு துன்பமாவது இருந்தது. எட்டில் ஒருவருக்கு நான்கும் அதற்கு மேலும். நான்கோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்குக் குடி, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி எல்லாம் பல மடங்கு கூடுதல். இதய நோயும் கூடுதல். இத்தனைக்கும் அவர்கள் பெரும்பாலும் படித்த, வேலையிலிருந்த, மருத்துவக் காப்பீடு பெற்ற நடுத்தர வகுப்பினர்.

படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. பாட்டி சொன்னதைத்தான் அந்த மருத்துவர்கள் எண்ணால் சொல்லியிருந்தார்கள். ஆர்வத்தில் அந்த வினாத்தாளைத் தமிழாக்கிப் போகிற இடமெல்லாம் கொடுத்தேன். அதன் முடிவுதான் அந்தக் காலி நாற்காலி.

என் தவறு எங்கே என்று பின்னர் ஆண்டாவே எழுதியதிலிருந்து தெளிந்தேன். 2020இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, இந்த மதிப்பெண்ணைத் தனியொருவரின் எதிர்காலத்தைக் கணிக்கும் கருவியாக்கக் கூடாது என்று எச்சரித்தது. மக்கள்தொகையில் துன்பம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறியத்தான் அது உதவும். ஒருமுறை அடிபட்டவருக்கும் பத்தாண்டு அடிபட்டவருக்கும் அதே 'ஒன்று'தான். பக்கத்தில் தாங்கிப் பிடிக்க ஒரு பாட்டி இருந்தாரா என்பதை அது கேட்பதேயில்லை. நம் ஊருக்கு இன்னும் ஒரு பெரிய ஓட்டை அதில் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அந்தப் பத்துக் கேள்விகளில் அந்த மாணவருக்கான கேள்வி எங்கே? பசிக்கு? கடலில் பிடிபட்டு வேற்று நாட்டுச் சிறையில் அப்பா இருக்கும் பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்தச் சிறையும் குற்றவாளியின் சிறையும் ஒன்றா?

வினாத்தாளை நான் இப்போது யார் கையிலும் கொடுப்பதில்லை. பயிற்சியின் வடிவத்தையே மாற்றிக்கொண்டேன். நாற்பது பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் எந்த அறையிலும், சிறுவயதுக் காயத்தோடு வந்தவர்கள் ஐந்தாறு பேராவது இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். அழைப்புக் கடிதத்திலேயே என்ன பேசப்போகிறோம் என்று வெளிப்படையாக எழுதுகிறேன். பேசத் தொடங்கும் முன், யாரும் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம் என்று சொல்கிறேன். கதவைச் சாத்துவதில்லை. வெளியே தேநீர் மேசையருகே என் சக ஊழியர் ஒருவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். எழுந்து வருபவரிடம் அவர் எதுவும் கேட்கமாட்டார், தேநீர் கொடுப்பார். கூட்டத்தில் யாரையும் சொந்தக் கதை சொல்லச் சொல்வதில்லை. தானாக ஒருவர் சொல்லத் தொடங்கினால் நன்றி சொல்லிக் கேட்டுவிட்டு, இடைவேளையில் அவரோடு தனியே உட்காருகிறேன். கனமான பகுதியைக் காலையிலேயே வைத்து முடித்துவிடுகிறேன். மாலை நான்கு மணிக்குப் பாலியல் கொடுமையைப் பற்றிப் பேசிவிட்டு ஒருவரைப் பேருந்து ஏற்றிவிடுவது கொடுமை. 14416 என்ற மனநல உதவி எண் எல்லாருடைய தாளிலும் அச்சாகியிருக்கும், தனியே யாரும் வந்து கேட்டு வாங்க வேண்டியதில்லை. மூன்றாம் நாள் எல்லாருக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு போகும். அழுதவர்களுக்கு மட்டும் என்றால் அது அடையாளம் குத்துவதாகிவிடும்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான் சொல்கிறேன். குழந்தையிடம் எப்படி நடக்க வேண்டும் என்று ஆசிரியருக்குச் சொல்லப் போகிறோம். அந்த ஒரு நாள் ஆசிரியரிடம் நாம் எப்படி நடந்தோமோ, அதைத்தான் அவர் வகுப்புக்கு எடுத்துப் போவார். அமெரிக்க அரசின் மனநலச் சேவைத் துறை 2014இல் வகுத்த நான்கு படிகளைப் பாடமாகச் சொல்லித்தருகிறோம். துன்பம் எவ்வளவு பரவலானது என்பதை உணர், அதன் அறிகுறியை இனங்காண், அதற்கேற்ப நடந்துகொள், மீண்டும் காயப்படுத்தாதே. நான்காவதைப் பயிற்சிக் கூடத்திலேயே மீறினால் முதல் மூன்றையும் யார் நம்புவார்கள்?

ஒவ்வொரு பயிற்சியிலும் தவறாமல் ஒருவர் எழுந்து, "நாங்களும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், கெட்டா போய்விட்டோம்? அடியாத மாடு படியாது, மேடம்" என்பார். முன்பெல்லாம் வாதாடுவேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது என்று சட்டத்தைக் காட்டுவேன். சட்டம் தேவைதான், ஆனால் அதைக் கேட்டு அவர் வாயை மூடிக்கொள்வார், மனத்தை மாற்றிக்கொள்ளமாட்டார். அடியைப் பெருமையாகப் பேசுபவரை நான் இப்போது எதிரியாகப் பார்ப்பதில்லை. தன்னை அடித்தவர் தன்னை நேசித்தவரும்தான் என்ற நம்பிக்கையில் அவர் நின்றுகொண்டிருக்கிறார். அதைத் தட்டிவிட்டால் அவர் விழ இடமில்லை. ஆகவே வேறொன்று கேட்கிறேன்: "அடி வாங்கிய அன்றைக்கு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் யார்?" அறை அமைதியாகிவிடும். அத்தை, சத்துணவு ஆயா, கணக்கு வாத்தியார், தெருமுனைக் கடைக்காரர் என்று முகங்கள் நினைவுக்கு வருவது தெரியும். சொல்லச் சொல்வதில்லை. நீங்கள் கெட்டுப்போகாததற்கு அடி காரணமா, அந்த ஆள் காரணமா என்று மட்டும் யோசிக்கச் சொல்கிறேன். துன்பப்பட்ட குழந்தை தேறி வருவதற்குப் பக்கத்தில் நிலையாக நிற்கும் ஒரு பெரியவராவது இருப்பது பெரிதும் உதவும் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. யாருக்கோ அந்தக் கடைக்காரராக இருப்பது நம்மால் முடியும்.

சொற்களும் இந்த வேலையில் பெரும் இடர். ஆங்கிலத்தில் சொல்லும் 'ட்ராமா'வை அப்படியே தமிழில் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவு நினைவுக்கு வரும். மீதிப் பேர் காதில் அது 'டிராமா'வாக விழும். "அவன் நடிக்கிறான்" என்று ஏற்கெனவே முத்திரை குத்தப்பட்ட பிள்ளைக்கு அதைவிடப் பொருந்தாத சொல் கிடையாது. இலங்கைத் தமிழர்கள் 'மனவடு' என்கிறார்கள், நல்ல சொல். நான் பெரும்பாலும் மனக்காயம் என்றே சொல்கிறேன். காயம் என்றால் யாருக்கும் தெரியும். தொட்டால் கத்துவான், கத்துகிறானே என்று மறுபடி தொடக் கூடாது.

இன்னொன்று. இந்தத் துறையில் உலகமெங்கும் சொல்லப்படும் ஒரு வாசகம், 'உன்னிடம் என்ன கோளாறு என்று கேட்காதே, உனக்கு என்ன நேர்ந்தது என்று கேள்' என்பது. கருத்து பொன்னானது. ஆனால் தமிழில் "உனக்கு என்ன ஆயிற்று?" என்று உரக்கக் கேட்டால் அது வசவு. நம் வீடுகளில் பாதித் திட்டு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. பயிற்சி முடிந்து போன ஓர் ஆசிரியர் வகுப்பின் நடுவே ஒரு மாணவியை எழுப்பி அதையே கேட்டிருக்கிறார். பெண் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. அதிலிருந்து, அந்தக் கேள்வி உங்கள் மனத்துக்குள் இருக்கட்டும், வாயில் வேண்டாம் என்று சொல்கிறேன். வாயில் வர வேண்டியது நம் மொழியில் எப்போதோ இருக்கிறது: "சாப்பிட்டாயா?" அதைத் தனியாக, நின்று, பதிலுக்குக் காத்திருந்து கேளுங்கள். "அம்மா நேற்றிலிருந்து எழுந்திருக்கவில்லை டீச்சர்" என்று பதில் வந்திருக்கிறது. "அப்பா சட்டியை உடைத்துவிட்டார்" என்று வந்திருக்கிறது. 2022 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு தருகிறார்கள். அந்த வரிசையில் பத்து நிமிடம் நிற்கும் ஆசிரியருக்குக் கிடைக்கும் செய்தி, எந்த வினாத்தாளிலும் கிடைக்காது. யார் மறுசோறு கேட்கிறார்கள், யார் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் தம்பிக்கென்று மறைத்து எடுத்துவைக்கிறார்கள்.

குழந்தை வாய் திறந்துவிட்டால் என்ன செய்வது? இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், நல்லவர்கள் அதிகமாகச் செய்யும் தவறு இது. "யாரிடமும் சொல்லமாட்டீர்களே?" என்று பிள்ளை கேட்கும். சத்தியம் செய்து கொடுத்துவிடாதீர்கள். பாலியல் கொடுமை என்று தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விடுவது குற்றம். சத்தியம் செய்துவிட்டு மறுநாள் காவலரோடு போய் நின்றால், அந்தப் பிள்ளைக்குக் கடைசி நம்பிக்கையும் போய்விடும். "உன்னைக் காப்பாற்றத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன், சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்வேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி செய்யுங்கள். துருவிக் கேட்காதீர்கள். பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் சொற்களிலேயே அன்றே எழுதிவையுங்கள், உங்கள் நாகரிகமான சொற்களுக்கு மாற்ற வேண்டாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள்.

காவலர்களோடு நான் அதிகம் பணியாற்றியதில்லை. பணியாற்றியவரையில் அவர்கள் மீது எனக்கு நம்பிக்கை உண்டு. வாக்குமூலம் பதியும்போது சீருடை கூடாது, பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதியலாம் என்று போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. மகளிர் காவல் நிலையம் ஒன்றின் உதவி ஆய்வாளர், சட்டம் சொல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். பிள்ளையின் நாற்காலியைக் கதவைப் பார்த்துப் போட்டு, தான் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். யாரும் சொல்லித்தரவில்லையாம். "கதவு முதுகுப் பக்கம் இருந்தால் எனக்கே பேச வராது, மேடம்" என்றார். என் வாசலோரப் பையனை நினைத்துக்கொண்டேன்.

விடுதிக் காப்பாளரிடம் திரும்ப வருகிறேன். அன்று தொலைபேசியில் நான் மன்னிப்புக் கேட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று எனக்கே தெரியாமல்தான் அந்தத் தாளைக் கொடுத்தேன் என்றும் ஒப்புக்கொண்டேன். அரசு மருத்துவமனை மனநல மருத்துவரைப் பார்க்க விருப்பமா என்று கேட்டேன். "யோசிக்கிறேன்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஐந்தாறு மாதம் கழித்து வேறு வேலையாக அவர் விடுதிக்குப் போனேன். தானாகவே என்னைச் சுற்றிக் காட்டினார். முன்பெல்லாம் விடிகாலை ஐந்து மணிக்குப் பிரம்பால் சன்னல் கம்பிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போய்ப் பையன்களை எழுப்புவாராம். இருபது ஆண்டுப் பழக்கம். பயிற்சிக்குப் பிறகு ஒரு நாள் பாதி வழியில் கை நின்றுவிட்டது. "எனக்கு அந்தச் சத்தம் ஆகாது என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது" என்றார். இப்போது கோடியிலுள்ள விளக்கை மட்டும் முதலில் போடுகிறார். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அறுபது பேரின் பெயரையும் சொல்லி முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆகிறது.

இன்னும் இரண்டு செய்தார். தண்டனை எதுவானாலும் சோற்றோடு முடிச்சுப் போடுவதை நிறுத்தினார். வீட்டுக்குப் போய் ஞாயிறு இரவு திரும்பும் பையன்கள் அன்றைக்கும் திங்கட்கிழமையும் அடிதடி செய்வது வழக்கம். வீட்டில் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். ஒரு பருவம் முழுவதும் குறிப்பேட்டில் எழுதிவந்தபோது, அதிகமாகச் சண்டை போட்டவர்கள் செல்லம் கிடைத்த வீட்டுப் பிள்ளைகள் அல்ல என்று தெரிந்தது. ஞாயிறு இரவு வருபவனிடம் ஏன் தாமதம், நோட்டு எங்கே என்று எதுவும் கேட்பதில்லை என்று முடிவெடுத்தார். முதலில் சோறு. பிறகு தூக்கம். கேள்வி எல்லாம் திங்கட்கிழமை மாலை.

2019 முதல் என் பயிற்சிகளுக்கு அவரையும் அழைக்கிறேன். பத்து நிமிடம் பேசுவார். சன்னல் கம்பியைப் பற்றியும் ஞாயிறு இரவைப் பற்றியும் மட்டும்தான். தன்னைப் பற்றி ஒரு சொல் சொல்லமாட்டார். நான் இரண்டு மணி நேரம் பேசியதைவிட அந்தப் பத்து நிமிடத்தைத்தான் மற்ற காப்பாளர்கள் குறித்துக்கொள்கிறார்கள். கூட்டம் முடிந்து எங்கள் வண்டியிலேயே அவரை ஊரில் இறக்கிவிடுவோம். வழி முழுவதும் விடுதிக்கு வர வேண்டிய பாய்கள், சமையலர் காலியிடம், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி என்று பேசிக்கொண்டே வருவார்.

நான்காக மடித்த அந்தத் தாளை என்ன செய்தார் என்று இதுவரை நான் கேட்டதில்லை.